மாதுளையை எதற்காகச் சாப்பிட வேண்டும்

பிரசவமான பெண்ணைப் பார்க்கப் போகிறவர்கள் கையில் மாதுளை இருக்கும். ஆபரேஷன் முடிந்து படுத்திருப்பவரின் தலைமாட்டிலும் பையில் நாலு மாதுளை இருக்கும். “ரத்தம் ஊறும், சாப்பிடுங்க” என்று சொல்லி வைத்துவிட்டு வருவது நம் வழக்கம். பள்ளிக்கூடம் போகிற பெண் பிள்ளையின் முகம் வெளுத்திருந்தால் வீட்டில் பெரியவர்கள் முதலில் சொல்வதும் மாதுளைதான். அந்தச் சொல்லில் இருக்கும் அக்கறை முழுக்க உண்மை, கணக்குதான் தவறு. மாதுளை நல்ல பழம், கைக்கு எட்டினால் தினமும் சாப்பிடலாம். ஆனால் ரத்தசோகையைத் தீர்க்கும் பொறுப்பை அதன் தலையில் கட்டியதில் நமக்கு இரட்டை நஷ்டம். பழத்தை நம்பி மாத்திரையைத் தள்ளிப்போடுவதால் சோகை தீராமல் நீள்கிறது. அந்தப் பழத்தை முத்து முத்தாக மென்று தின்றால் குடலுக்கும் ரத்தக் குழாய்களுக்கும் என்ன கிடைக்குமோ, அதில் பெரும்பகுதி ஜூஸ் வடிகட்டியில் சக்கையாகத் தங்கிக் குப்பைக்குப் போகிறது. மாதுளையை எதற்காகச் சாப்பிடுகிறோம் என்பது தெளிவானால், எப்படிச் சாப்பிடுவது, யாருக்கு எவ்வளவு என்பதெல்லாம் அதிலிருந்தே பிடிபடும்.

இரும்பிலிருந்து தொடங்கலாம். உணவுச் சத்து அட்டவணைகளின்படி 100 கிராம் மாதுளை முத்தில் சுமார் 0.3 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. வளர்ந்த பெண்ணுக்கு நாளொன்றுக்கு 29 மில்லிகிராம் வேண்டும் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-இல் வெளியிட்ட பரிந்துரை. கர்ப்பிணிகளுக்கு அரசு ஆஸ்பத்திரியில் 180 நாளைக்குத் தரும் இரும்புச்சத்து மாத்திரை ஒவ்வொன்றிலும் 60 மில்லிகிராம் இரும்பு உண்டு. அந்த ஒரு மாத்திரைக்கு ஈடாக மாதுளை முத்து வேண்டுமானால் 20 கிலோ ஆகும். கம்பில் 100 கிராமுக்கு 6 மில்லிகிராமுக்கு மேலும், கேழ்வரகிலும் முருங்கைக்கீரையிலும் நாலரையை ஒட்டியும் இரும்பு இருக்கிறது. ஆட்டு ஈரலிலும் மண்ணீரலான சுவரொட்டியிலும் இருப்பதோ உடம்பு எளிதாக ஏற்றுக்கொள்ளும் வகை இரும்பு. பிறகு எப்படி மாதுளைக்கு இந்தப் பெயர் வந்தது? நிறம்தான் காரணம். மாதுளையின் சிவப்பு ஆந்தோசயனின் என்ற சாயப்பொருளால் வருவது. நாவல்பழத்திலும் கத்தரிக்காய்த் தோலிலும் இருப்பது அதே குடும்பம். ரத்தத்தின் சிவப்போ ஹீமோகுளோபினில் பிடித்துவைக்கப்பட்ட இரும்பால் வருவது. பார்வைக்கு ஒன்றுபோல் இருப்பதைத் தவிர இரண்டுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. இது வெறும் தகவல் திருத்தமாக நின்றுவிடாததற்குக் காரணம் உண்டு. 2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு ரத்தசோகை இருந்தது. கிலோ இருநூறு ரூபாயைத் தொடும் பழத்தை, கையில் காசில்லாத குடும்பம் மருந்தென்று நினைத்து வாங்கிக்கொண்டிருக்க, இலவசமாகக் கிடைத்த மாத்திரை அலமாரியில் பிரிக்காமல் கிடந்தால், அந்த நஷ்டத்தைச் சுமப்பது அந்தப் பெண்ணின் உடம்பு.

சித்த வைத்தியத்தில் மாதுளை மணப்பாகு என்று ஒரு மருந்தே இருக்கிறதே, முன்னோர் காரணமில்லாமலா வைத்தார்கள் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. மாதுளைச் சாற்றையும் சர்க்கரையையும் பாகாகக் காய்ச்சிச் செய்யும் அந்த மணப்பாகு கர்ப்பிணிகளின் வாந்திக்கும் வாய்க்கசப்புக்கும் கொடுக்கப்படுவது. சோகைக்குக் கொடுக்கும்போது வைத்தியர் அதைத் தனியாகக் கொடுப்பதில்லை. கூடவே அன்னபேதிச் செந்தூரம் இருக்கும். அன்னபேதி என்பது இரும்பின் உப்பு. வளரிளம் பெண்களின் ரத்தசோகைக்குச் சித்த மருந்துகள் பலனளித்ததாக 2024-இல் பரவலாகப் பேசப்பட்ட ஆய்வு, 2,648 பெண்களைப் பதிவுசெய்து 45 நாள் மருந்து கொடுத்துப் பார்த்தது. அந்தக் கூட்டு மருந்தில் அன்னபேதிச் செந்தூரம், பாவனக் கடுக்காய், மாதுளை மணப்பாகு, நெல்லிக்காய் லேகியம் ஆகிய நான்கும் இருந்தன. இரும்பைக் கொடுத்தது செந்தூரம். நெல்லி அதன் வைட்டமின் சி-யோடு உதவிக்கு வந்தது. மணப்பாகு மருந்தை வாய்க்கு இணக்கமாக்கி, குமட்டாமல் உள்ளே இறக்கியது. அதாவது இரும்பின் வேலைக்கு இரும்பைத்தான் வைக்க வேண்டும் என்பது அந்த மரபுக்கு நன்றாகவே தெரிந்திருந்தது. நாம்தான் நான்கில் மூன்றை மறந்துவிட்டு மாதுளையை மட்டும் பிடித்துக்கொண்டோம்.

இன்னொரு கேள்வி இப்போதைய விவசாய ஆராய்ச்சியிலிருந்து வரும். மகாராஷ்டிரத்தின் சோலாப்பூரில் இருக்கும் தேசிய மாதுளை ஆராய்ச்சி மையம் 2017-இல் ‘சோலாப்பூர் லால்’ என்ற ரகத்தை வெளியிட்டது. 100 கிராம் முத்தில் 5.6 முதல் 6.1 மில்லிகிராம் வரை இரும்பு உள்ள ரகமென்றும், பழைய கணேஷ் ரகத்தில் 3-ஐ ஒட்டித்தான் இருக்கிறதென்றும் அது அறிவிக்கப்பட்டது. இந்த எண்கள் உணவு அட்டவணையின் 0.3-ஐவிட மிக அதிகம். ரகமும் மண்ணும் அளக்கும் முறையும் மாறினால் எண்ணும் மாறும். இருப்பதிலேயே பெரிய எண்ணை எடுத்துக்கொண்டாலும் முடிவு பெரிதாக மாறாது. செடியிலிருந்து வரும் இரும்பில் பத்தில் ஒரு பங்கை உடம்பு உறிஞ்சினாலே அதிகம். மாத்திரை ஒன்றில் உள்ள இரும்புக்கு அந்த ரகத்திலும் ஒரு கிலோ முத்து ஆகும். கடையில் நம் கைக்கு வருவது பெரும்பாலும் பகவா என்ற ரகம், அதுவும் பெயர் சொல்லி விற்கப்படுவதில்லை. சோலாப்பூர் லாலை உருவாக்கியவர்களின் உழைப்பு பெரிது, அன்றாட உணவில் கொஞ்சம் கொஞ்சமாக இரும்பு சேர்க்க அது உதவும். வந்துவிட்ட சோகையைத் தீர்க்கும் வேலை வேறு.

மாதுளைக்கும் இரும்புக்கும் இருக்கும் இன்னோர் உறவைச் சமையலறையிலேயே கண்ணால் பார்க்கலாம். இரும்பு அரிவாள்மனையில் மாதுளையைத் தோலோடு பிளந்துவிட்டுத் துடைக்காமல் கொஞ்ச நேரம் விட்டால், அலகில் நீலமும் கருப்புமாக மைபோல ஒரு கறை படியும். வாழைப்பூ நறுக்கும்போதும் வருமே, அதே கதைதான். மாதுளையின் தோலிலும் உள்ளே இருக்கும் வெண்சவ்விலும் டானின் என்ற துவர்ப்புப் பொருள் நிறைய இருக்கிறது. அது இரும்பைக் கண்டால் பிடித்துக் கட்டிக்கொள்ளும். பழைய நாளில் கடுக்காயையும் அன்னபேதியையும் சேர்த்து எழுதும் மை காய்ச்சியதும் இந்தக் குணத்தை வைத்துத்தான். அரிவாள்மனையில் நடப்பது வயிற்றிலும் நடக்கும். இப்போது மாதுளைத் தோல் பொடி, தோல் டீ என்றெல்லாம் விற்கிறார்கள். இரும்பு மாத்திரையோடு சேர்த்து அதைக் குடித்தால் மாத்திரையின் இரும்பில் ஒரு பங்கு டானினிடம் சிக்கி வெளியே போய்விடும். சாப்பாடு முடிந்ததும் டீ குடிக்காதே என்று டாக்டர்கள் சொல்வதற்குக் காரணமும் இதுவே. முத்தில் டானின் குறைவு என்பதால் பழம் தின்பதில் அந்தப் பயம் வேண்டாம். மாத்திரைக்குத் துணையாக ஏதாவது பழம் வேண்டுமென்றால் மாதுளையைவிடக் கொய்யா பொருத்தம். 100 கிராம் மாதுளையில் வைட்டமின் சி 10 மில்லிகிராம்தான், கொய்யாவில் 200-க்கு மேல். நெல்லிக்காயும், சாதத்தில் பிழிந்த எலுமிச்சையும்கூட அந்த வேலையைச் செய்யும்.

சரி, மாதுளை என்னதான் தருகிறது? 100 கிராம் முத்தில், அதாவது நடுத்தரப் பழத்தில் ஏறக்குறைய பாதியில், 4 கிராம் நார்ச்சத்து இருக்கிறது. பழங்களில் இது நல்ல அளவு. இந்த நார் பெரும்பாலும் உள்ளிருக்கும் விதையில் இருப்பதால், சாற்றை உறிஞ்சிவிட்டு விதையைத் துப்புகிறவர்கள் பழத்தின் முக்கியமான பங்கைத் துப்புகிறார்கள். விதை குடல்வாலில் போய் அடைத்துக்கொள்ளும் என்ற பயம் தேவையற்றது. நன்றாக மென்று விழுங்கினால் போதும். பொட்டாசியம் 236 மில்லிகிராம், ஃபோலேட் 38 மைக்ரோகிராம், வைட்டமின் கே 16 மைக்ரோகிராம் அதோடு கிடைக்கின்றன. சர்க்கரை 13 முதல் 14 கிராம். இப்போது பாட்டிலில் அடைத்த மாதுளைச் சாற்றை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சர்க்கரை கிட்டத்தட்ட அதே அளவு. நார் 0.1 கிராம். வைட்டமின் சி இல்லையென்றே சொல்லலாம். இது இனிப்புச் சேர்க்காத சாற்றின் கணக்கு. பழரசக் கடை டம்ளரில் சீனியும் ஐஸும் சேர்ந்து, வடிகட்டியில் ஓங்கித் தட்டிச் சக்கையை எடுத்த பிறகு வருவதைச் சிவப்புச் சர்க்கரைத் தண்ணீர் என்றே எண்ணிக்கொள்ள வேண்டும். நோயாளிக்குக் கொடுக்கவென்று வாங்கிப்போவது பெரும்பாலும் இந்த டம்ளராக இருப்பது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. மெல்ல முடியாத நிலையில் இருப்பவருக்கு வீட்டில் மிக்ஸியில் இரண்டே சுற்று விட்டு, பெரிய கண் சல்லடையில் வடித்து, சீனி போடாமல் கொடுக்கலாம். மற்ற எல்லாருக்கும் முத்துதான்.

இங்கே ஓர் எதிர்வாதத்தை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். மாதுளையைப் பற்றிய புகழ்பெற்ற ஆய்வுகள் பெரும்பாலும் பழத்தைக் கொடுத்துச் செய்தவை அல்ல, சாற்றைக் கொடுத்துச் செய்தவை. அப்படியிருக்க ஜூஸ் வேண்டாம் என்பது எப்படிச் சரியாகும்? விடை, அந்தச் சாறு எப்படிப்பட்டது என்பதில் இருக்கிறது. ‘ரெட் ஒயினைவிட, கிரீன் டீயைவிட மூன்று மடங்கு ஆன்டிஆக்ஸிடன்ட்’ என்று விளம்பரங்களில் வரும் வாசகம் 2000-இல் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் பணியாற்றியவர்கள் வெளியிட்ட ஓர் ஆய்விலிருந்து வந்தது. அந்த அளவைத் தந்தது ஆலைச் சாறு. ஆலையில் முழுப்பழத்தையும் தோலோடு சேர்த்து அழுத்திப் பிழிவதால், தோலில் இருக்கும் பியூனிகலாஜின் என்ற பொருள் சாற்றில் இறங்குகிறது. முத்தை மட்டும் பிழிந்த சாற்றில் அந்த வலு குறைவாகவே இருந்தது என்பதையும் அதே ஆய்வு சொல்கிறது. நம் வீட்டு மிக்ஸியிலும் தெருமுனைக் கடையிலும் வருவது இந்த இரண்டாம் வகை. மேலும், அந்த வலு சோதனைக் குழாயில் அளந்தது. பியூனிகலாஜின் அப்படியே ரத்தத்தில் கலப்பதில்லை. குடலில் உள்ள பாக்டீரியாக்கள் அதை உடைத்து யூரோலித்தின் என்ற வேறு பொருளாக மாற்றிய பிறகே உடம்புக்குள் போகிறது. எல்லாருடைய குடலிலும் அந்த பாக்டீரியாக்கள் இல்லை. ஆகவே ஒரே டம்ளரைக் குடித்த இரண்டு பேருக்கு ஒரே பலன் கிடைக்கும் என்று உறுதி சொல்ல முடியாது. நார்ச்சத்து விஷயத்தில் இந்தச் சிக்கல் கிடையாது, மென்றவருக்கெல்லாம் கிடைக்கும்.

மாதுளைச் சாற்றின் பலன்களில் ஓரளவு கையில் பிடிக்கக்கூடியது ரத்த அழுத்தம். எட்டு ஆய்வுகளைத் தொகுத்து 2017-இல் வெளிவந்த கணக்கில், சாறு குடித்தவர்களுக்கு மேல் அழுத்தம் சராசரியாக 5 புள்ளியும், கீழ் அழுத்தம் 2 புள்ளியும் குறைந்திருந்தன. இது சிறிய அளவுதான், ஆனாலும் தள்ளிவிடக் கூடியதல்ல. உப்பைக் குறைத்து, நடந்து, மாத்திரையையும் விடாமல் இருப்பவருக்கு இது மேலே ஒரு கை உதவி. 160-இல் நிற்கும் பிபியை மாதுளை இறக்கிவிடும் என்று மாத்திரையை நிறுத்துகிறவர் தன் உயிரோடு விளையாடுகிறார். கொலஸ்ட்ரால் விஷயத்தில் இப்படித் தொகுத்துப் பார்த்தபோது குறிப்பிடத்தக்க மாற்றம் தெரியவில்லை. புற்றுநோய் விஷயத்தில் நடந்தது நமக்கெல்லாம் ஒரு பாடம். புராஸ்டேட் புற்றுநோய்க்குச் சிகிச்சை முடிந்தவர்களிடம் தினமும் ஒரு டம்ளர் சாறு கொடுத்துப் பார்த்ததில், நோயின் வேகத்தைக் காட்டும் பிஎஸ்ஏ அளவு இரட்டிப்பாக ஆகும் காலம் 15 மாதத்திலிருந்து 54 மாதமாக நீண்டது என்று 2006-இல் செய்தி வந்தது. உலகமே அதைப் பிடித்துக்கொண்டது. அந்த ஆய்வில் சாறு குடிக்காத ஒப்பீட்டுக் குழு இல்லை. ஒப்பீட்டுக் குழுவோடு நடந்த பிந்தைய ஆய்வு 2015-இல் வெளிவந்தபோது சொல்லும்படியான வித்தியாசம் எதுவும் இல்லை. இதற்குள் ‘பாம் ஒண்டர்ஃபுல்’ என்ற அமெரிக்க மாதுளைச் சாறு நிறுவனம் இதயநோய், புராஸ்டேட் புற்றுநோய் என்று விளம்பரம் செய்ய, அந்நாட்டின் கூட்டாட்சி வணிக ஆணையம் 2010-இல் வழக்குத் தொடுத்தது. ஆய்வுகளுக்கு 3.5 கோடி டாலருக்கு மேல் செலவிட்டதாக நிறுவனம் சொன்னது. அந்த ஆய்வுகள் விளம்பரம் சொன்ன அளவுக்கு எதையும் நிரூபிக்கவில்லை என்று 2013-இல் ஆணையம் முடிவுசெய்தது. 2015-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதைப் பெரும்பாலும் உறுதிசெய்தது. அத்தனை பணம் போட்டுத் தேடியும் ஒரு பழத்தை மருந்தாக்க முடியவில்லை என்றால், வாட்ஸ்ஆப்பில் வரும் ‘மாதுளை குணமாக்கும் 21 நோய்கள்’ என்ற பட்டியலுக்கு எவ்வளவு மதிப்பு கொடுக்கலாம் என்று வாசகரே முடிவுசெய்துகொள்ளலாம்.

உணவென்று எடுத்துக்கொண்டால் அளவு எளிது. வளர்ந்தவருக்கு ஒரு நாளைக்கு அரைப் பழம், அதாவது ஒரு சின்னக் கிண்ணம் முத்து போதும். சர்க்கரை நோயுள்ளவர்களும் அந்த அளவு சாப்பிடலாம். அன்றைக்கு வேறு பழம் வேண்டாம், சாப்பாட்டின் மேல் உடனே வேண்டாம், ஜூஸ் கூடவே கூடாது. சிறுநீரகக் கோளாறால் பொட்டாசியத்தைக் குறைக்கச் சொல்லப்பட்டவர்கள், டயாலிசிஸ் செய்துகொள்கிறவர்கள், டாக்டரிடம் கேட்காமல் தொட வேண்டாம். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் மாத்திரை எடுப்பவர்கள் திடீரென்று தினமும் டம்ளர் டம்ளராகச் சாறு குடிக்கத் தொடங்கினால் மருந்தின் அளவு கெடக்கூடும் என்பதால், அவர்களும் சொல்லிவிட்டுச் சாப்பிடுவது நல்லது. கைக்குழந்தைக்கு முத்தை அப்படியே கொடுத்தால் தொண்டையில் சிக்கும். நசுக்கித்தான் கொடுக்க வேண்டும்.

வாங்கும்போது நிறத்தைப் பார்த்து ஏமாறுவது இங்கேயும் நடக்கும். தோல் பளபளவென்று சிவந்திருக்கும் பழம்தான் நல்லது என்பதில்லை. கையில் எடுத்துப் பாருங்கள். அதே அளவுள்ள இரண்டில் எது கனமோ அதில்தான் சாறு அதிகம். பிஞ்சு, பந்துபோல உருண்டையாக இருக்கும். முற்றிய பழத்தில் முத்துகள் உள்ளிருந்து நெருக்கித் தோலைத் தள்ளுவதால் பக்கங்கள் கொஞ்சம் தட்டையாகி, விளிம்பு விளிம்பாக, தடவினால் தெரியும் அளவுக்கு இருக்கும். தோல் சற்று மங்கி, சொரசொரத்திருந்தாலும் பரவாயில்லை. அழுத்தினால் ஓரிடத்தில் மெத்தென்று உள்வாங்குவதும், கிரீடத்துக்குள் கருப்பாகப் பூஞ்சை தெரிவதும் வேண்டாம். மாதுளை, மாம்பழம்போல வைத்துப் பழுக்கிற பழமல்ல, மரத்திலிருந்து பறித்த பிறகு இனிப்பு ஏறாது. வீட்டில் வைத்துக் காத்திருந்தால் தோல் மட்டும்தான் காயும். ஆனால் அந்தக் காய்ந்த தோல் முத்துக்கு நல்ல பெட்டி. வெளியே ஒன்றிரண்டு வாரமும், பிரிட்ஜில் ஒன்றரை இரண்டு மாதமும் முழுப்பழம் தாங்கும். தோல் சுருங்கிவிட்டதே என்று தூக்கிப்போடும் முன் வெட்டிப் பாருங்கள், உள்ளே முத்து அப்படியே இருக்கும்.

உரிக்கச் சோம்பித்தான் பலர் ஜூஸுக்குப் போகிறார்கள் என்பதால் அதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். குறுக்கே இரண்டாக வெட்டினால் முத்து பாதி நசுங்கிச் சாறு வழியும். அதற்குப் பதில் கிரீடத்தைச் சுற்றி வட்டமாக, கத்திமுனை தோலளவுக்கே இறங்கும்படி கீறி, மூடிபோல எடுத்துவிடுங்கள். உள்ளே வெண்சவ்வு பழத்தைச் சுளை சுளையாகப் பிரித்திருப்பது தெரியும். அந்தச் சவ்வின் நேரே வெளித்தோலில் மேலிருந்து கீழாகக் கீறல் போட்டு, இரண்டு கட்டைவிரலாலும் விரித்தால் பூவிதழ்போலப் பிரியும். அகலமான பாத்திரத்தில் தண்ணீர் வைத்து அதற்குள் உதிர்த்தால் முத்து அடியில் தங்கும், சவ்வு மேலே மிதக்கும். மிதப்பதை அள்ளிப்போட்டு வடித்தால் ஐந்து நிமிட வேலை. ஈரம் போகத் துணியில் பரப்பி, இறுக்கமான டப்பாவில் போட்டால் பிரிட்ஜில் நாலைந்து நாள் இருக்கும்.

உதிர்த்த முத்து கண்ணெதிரே டப்பாவில் இருந்தால் வீட்டில் தானாகவே செலவாகும். தயிர்சாதத்தில் மாதுளை முத்துக்கு ஈடு இல்லை. சாதம் ஆறி, தாளித்துக் கொட்டிய பிறகு, பரிமாறும் நேரத்தில் மேலே தூவ வேண்டும். முன்கூட்டியே கலந்துவிட்டால் தயிர் ரோஸ் நிறமாகிவிடும். பாசிப்பருப்புக் கோசம்பரி, ஊறவைத்த அவல், வேகவைத்த சுண்டல் எதிலும் ஒரு கைப்பிடி சேரும். வட இந்தியாவில் இமயமலை அடிவாரத்துப் புளிப்பு மாதுளையைக் காயவைத்து ‘அனார்தானா’ என்று மசாலாவில் பயன்படுத்துகிறார்கள். நாம் புளியும் மாங்காய்த் தூளும் போடும் இடங்களில் அது நன்றாகப் பொருந்தும். தோலை எறிய வேண்டியதில்லை. வயிற்றுப்போக்குக்குத் தோலையோ பிஞ்சையோ அரைத்து மோரில் கலந்து கொடுக்கும் வீட்டு வைத்தியம் டானினின் துவர்ப்பை நம்பியது. பெரியவர்களுக்கு ஒரு வேளைக்கு அது சரி. ஆனால் போக்கில் உயிருக்கு ஆபத்து உடம்பின் நீர் வற்றுவதால்தான், எனவே உப்புச் சர்க்கரைக் கரைசல்தான் முதல் மருந்து. மலத்தில் ரத்தம் கண்டாலோ குழந்தைக்கு வந்தாலோ ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும். மரப்பட்டையையும் வேரையும் கஷாயம் வைக்கும் யோசனையைக் கைவிடுங்கள். பழைய காலத்தில் நாடாப்புழுவுக்குக் கொடுத்தது அது. பெல்லட்டியரின் என்ற நச்சுப்பொருள் அதில் இருக்கிறது.

உதிர்க்கும்போது சட்டையில் தெறித்தால் உடனே சோப்பைத் தேய்க்காதீர்கள். சோப்பின் காரம் பட்டதும் அந்தச் சிவப்பு நீலம்பாய்ந்த சாம்பலாக மாறும். முதலில் பச்சைத் தண்ணீரில் அலசி, எலுமிச்சை பிழிந்து சிறிது நேரம் விட்டு அலசினால் பெரும்பாலும் போய்விடும். தோலின் கறை அப்படிப் போகாது. அதனால்தான் சாயக்காரர்கள் அதை விரும்பி வாங்கினார்கள். காயவைத்த தோலைக் கொதிக்கவைத்து, படிகாரத்தில் நனைத்த பருத்தித் துணியை அதில் போட்டால் மஞ்சள் ஏறும். அதே நீரில் ஒரு சிட்டிகை அன்னபேதியைச் சேர்த்தால், அரிவாள்மனையில் பார்த்த அந்தக் கருஞ்சாம்பல் துணியிலும் வரும்.